கொட்டும் பூச்சிகளின் பெயர்களும் அவை தரும் அச்சமும்: ஹட் பேயில் தொடங்கும் ஒரு சொல்வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன் சிற்றந்தமான் தீவின் ஹட் பேயில் தங்கியிருந்தபோது மொழிபெயர்ப்பில் நான் செய்த ஒரு பிழையே இக்கட்டுரையின் தோற்றுவாய். தென்னை ஏறும் தொழிலாளி ஒருவர், தஞ்சை மாவட்டத்திலிருந்து இளமையில் தீவுக்கு வந்தவர், மரத்தின் மேலிருந்தபோது பெரிய பூச்சிக் கூட்டமொன்றால் கொட்டப்பட்டார். கீழே யாரோ தேங்காய்மட்டையைக் கொளுத்த, அதன் புகை அருகிலிருந்த கர்ஜன் மரத்துக் கூட்டை எட்டியிருந்தது. முகமும் கழுத்தும் வீங்கிய நிலையில் அவரைச் சிகிச்சைக்குக் கொண்டு சென்றோம். "கதண்டு சார், கதண்டு" என்று அவர் முனகிக்கொண்டிருந்தார். அங்கிருந்தவருக்குத் தமிழ் தெரியாது. மொழியறிஞன் என்ற பெயரோடு உடன் சென்ற நான், கதண்டைக் குளவியாக்கி, குளவியை இந்தியில் 'பர்' ஆக்கிச் சொன்னேன். குளவி கொடுக்கை விட்டுச் செல்வதில்லை. ஆகவே எவரும் கொடுக்கைத் தேடவில்லை. மாலையில் அவருடைய காதுக்குப் பின்னும் மயிர்க்காலிலும் கறுப்பு முள் போன்ற கொடுக்குகள் பல ஒட்டிக்கொண்டிருக்கக் கண்டோம். கொட்டியவை குளவிகள் அல்ல; பெருந்தேனீக்கள். அவர் பிழைத்துக்கொண்டார். ஆயினும் அன்று நடந்த பெயர்ப்புப் பிழை என்னுடையது என்பதில் ஐயமில்லை.

பெரிய கொட்டும் பூச்சிகளுக்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் எவ்வாறு ஒன்றோடொன்று கலந்தன, அக்கலப்பில் அச்சத்துக்குள்ள பங்கு யாது, அதே தீவில் வாழும் ஓங்கே மக்களும் அவர்களுடைய அண்டைப் பழங்குடியினரும் இப்பூச்சிகளோடு கொண்ட உறவு எத்தகையது என்பவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

1. இடமும் மொழிகளும்

போர்ட் பிளேயருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) தெற்கே, பத்தாம் பாகைக் கால்வாய்க்கு வடக்கே அமைந்தது சிற்றந்தமான். அதன் கிழக்குக் கரையிலுள்ள துறைமுகக் குடியிருப்பு ஹட் பே. 1957இல் பழங்குடியினர் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இத்தீவில் 1960களின் இறுதியிலிருந்து குடியேற்றம் நிகழ்ந்தது. அன்றைய கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த வங்காளிக் குடும்பங்கள், ஹர்மிந்தர் பேயில் குடியமர்த்தப்பட்ட நிக்கோபாரியர், அரசுப் பணிக்கும் தோட்டப் பணிக்கும் வணிகத்துக்கும் வந்த தமிழர், தெலுங்கர், மலையாளிகள் என இன்று பல மொழியினர் இங்கு வாழ்கின்றனர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்குடியிருப்பைப் பெரிதும் சிதைத்தது. தீவின் முதற்குடிகளான ஓங்கேகள் 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 672 பேர். 2011இல் 101 பேர். அவர்களுடைய காப்பகத்துள் அயலார் செல்லத் தடையுண்டு, நானும் செல்லவில்லை. ஓங்கேகளைப் பற்றி இங்குக் கூறுவன அனைத்தும் அச்சேறிய ஆய்வுகளின் வழி அறிந்தவையே.

கடைத்தெருவில் ஒரே பூச்சிக்கு வழங்கும் பெயர்களைக் கேட்டுக் குறித்தபோது வியப்புக்குரிய ஒரு செய்தி புலப்பட்டது. வங்காளியர் 'மௌமாச்சி' என்று தேனீயையும், 'போல்தா' என்று குளவியையும், 'பீம்ருல்' என்று பெருங்குளவியையும் தயக்கமின்றி வேறுபடுத்தினர். மலையாளிகள் 'தேனீச்ச' என்றும் 'கடந்நல்' என்றும் பிரித்தனர். தமிழரிடமோ நெல்லையார் ஒரு சொல்லும், தஞ்சையார் ஒரு சொல்லும், இலங்கைத் தொடர்புடையார் ஒரு சொல்லும் கூறினர். எல்லாரும் தாம் கூறுவதே சரி என்றனர். செய்தித்தாள் படிப்பவர் ஒருவர் மட்டும் 'விஷ வண்டு' என்றார்.

2. வண்டு, தும்பி, ஞிமிறு

பழந்தமிழில் சிறகுடைய இவ்வகை உயிர்களுக்குப் பெயர்ப் பஞ்சமில்லை. வண்டு, தும்பி, சுரும்பு, ஞிமிறு ஆகியவை சங்கப் பாடல்களில் நிறைந்து கிடக்கின்றன. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்கையில் தும்பியை நண்டோடு சேர்த்து நாலறிவுயிராக வைக்கிறது. ஊறு, சுவை, நாற்றம், ஒளி ஆகியவை அதற்குண்டு, ஓசை இல்லை. நாற்றத்தை அறியும் உயிர் என்று தும்பிக்கு வகுத்த இலக்கணத்தைப் பின்னர் நினைவுகூர வேண்டியிருக்கும்.

ஆனால் இப்பெயர்களெல்லாம் பூவோடும் தேனோடும் பாட்டோடும் இணைந்தவை. வண்டு இசைக்கும், தாது ஊதும், தூது போகும். கொட்டுவது அரிது. மலர்சார் பொருட்புலத்தில் செல்வமாயிருந்த சொற்கள் அச்சம்சார் பொருட்புலத்தில் அவ்வளவாக இயங்கவில்லை. குளவி என்னும் சொல்லின் நிலை இன்னும் சுவையானது. குறிஞ்சிப்பாட்டின் மலர்ப்பட்டியலில் வரும் குளவி ஒரு பூ. உரையாசிரியர்கள் அதைக் காட்டுமல்லிகை எனக் கொள்வர். சங்க இலக்கியத்தை ஆங்கிலத்தில் பெயர்ப்போர் குளவியைக் கண்டதும் பூச்சியை எண்ணிவிடுவது இன்றும் நேரக்கூடிய பிழை. மலைநாட்டுத் தலைவன் சூடியது குளவிப் பூங்கண்ணி. கொட்டும் குளவியை எவனும் தலையில் சூடான்.

கொட்டும் பெரும்பூச்சிக்குத் திராவிட மொழிகளில் பரவலாக வழங்கும் பழஞ்சொல் கடந்தை எனலாம். மலையாளத்தில் கடந்நல், கன்னடத்தில் கணஜ என வரும் வடிவங்கள் இதனோடு உறவுடையவை. தென்மாவட்டங்களில் கடந்தை இன்றும் பேச்சுவழக்கில் உள்ளது. காவிரிப் பாசனப் பகுதியில் அதே பூச்சியைக் கதண்டு என்பர். பனை, தென்னை மரங்களில் காகிதம் போன்ற உறைக்குள் பல அடுக்காகக் கூடு கட்டும் வெஸ்பா இனப் பெருங்குளவி அது. கடந்தை, கதண்டு ஆகிய இரு வடிவங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் டகரமும் தகரமும் இடம் மாறியிருப்பது தெரிகிறது. தசை சதையாவது போன்ற இலக்கணப்போலியாக இதைக் கொள்ளலாம் என்பது என் கருத்து. ஈற்று ஐகாரம் உகரமானதற்குத் தனி விளக்கம் வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நம் இலக்கண நூல்கள் இவ்வகைப் போலிக்குக் காட்டும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று ஞிமிறு மிஞிறாவது. அதுவும் ஒரு தேனீப் பெயர்தான்.

கதண்டு என்ற சொல் வட்டாரத்துக்கு வெளியே விளங்காமையால் நாளேடுகள் அதைக் 'கதண்டு வண்டு' என்றும், 'கதம்ப வண்டு' என்றும், இறுதியில் 'விஷ வண்டு' என்றும் விரித்தன. 'விஷ வண்டு கொட்டி மூதாட்டி பலி', 'விஷ வண்டுகளைத் தீயணைப்புத் துறையினர் அழித்தனர்' என்னும் பாங்கிலான தலைப்புகளை டெல்டா மாவட்டச் செய்திகளில் ஆண்டுதோறும் காணலாம். இக்காலத் தமிழில் வண்டு என்பது முதன்மையாக ஓடுடைய பூச்சியைக் குறிக்கிறது. ஓடுடைய அவ்வண்டுக்குக் கொடுக்கே இல்லை. செய்தியைப் படிப்பவர் தம் வீட்டுப் பனைமரத்தில் தொங்கும் கூட்டையும் 'விஷ வண்டு' என்ற சொல்லையும் இணைத்துக்காண வழியேயில்லை. பயம் போய்ச் சேருகிறது. அறிவு போய்ச் சேரவில்லை.

இங்கு ஒரு கிளைச்செய்தி. தமிழில் பூச்சி என்ற சொல்லே ஓர் இடக்கரடக்கல். இரவில் பாம்பைப் பெயர் சொல்லாமல் பூச்சி என்பது நாடெங்கும் உள்ள வழக்கு. எது கடித்தது என்று தெரியாதபோது காணாக்கடி என்பர்; பிறகு அது ஒரு தோல்நோயின் பெயராகவும் ஆயிற்று. பூரான், தேள், நட்டுவாக்காலி எல்லாம் பூச்சிக்குள் அடங்கும். அந்தமானில் யாவரும் அஞ்சும் பெரும்பூரானை இந்தியில் கன்கஜூரா என்பர். குமரி மாவட்டத்தார் அதைக் கண்டவுடன் செய்யான் என்றனர். பெயரைச் சொன்னால் வந்துவிடும் என்ற அச்சம் பொதுச்சொல்லை வளர்க்கும். பொதுச்சொல் வளர, தனிச்சொல் தேயும். வினைகள் மட்டும் இந்நிலைக்கு ஓரளவு தப்பின. தேளும் குளவியும் கொட்டும், பூரானும் எறும்பும் கடிக்கும், பாம்பு தீண்டும். கதண்டு கொட்டுகிறதா கடிக்கிறதா என்பதில் செய்தித்தாள்கள் இன்றும் ஒருமுகப்படவில்லை.

3. பிரமரத்தின் பயணம்

வடமொழியில் பிரமரம் என்பது வண்டு அல்லது தேனீ. இச்சொல் தெற்காசியா முழுதும் பயணம் செய்து, சென்ற இடந்தோறும் வெவ்வேறு பூச்சியின்மேல் அமர்ந்தது. வங்காளத்தில் 'போம்ரா' என்றும் இந்தியில் 'பௌம்ரா' என்றும் பருத்த கருவண்டைக் குறித்தது. சிங்களத்தில் 'பம்பரா' என்று பெருந்தேனீயைக் குறித்தது. தமிழில் அதற்கு நேர்ந்தது ஒரு தத்துவ உவமையின் வழியாகும். பிரமரகீட நியாயம் எனப்படும் அவ்வுவமையின்படி, வண்டு ஒரு புழுவைக் கூட்டுக்குள் அடைத்து வைக்கிறது. புழு அச்சத்தால் வண்டையே இடையறாது நினைந்து நினைந்து, முடிவில் வண்டாகவே மாறிவிடுகிறது. பாகவதத்திலும் இக்கருத்து உண்டு. அன்பினால் மட்டுமன்றி அச்சத்தினாலும் ஒன்றை நினைப்பவர் அதன் வடிவாவர் என்பதற்கு இது சான்றாகக் காட்டப்படும்.

தமிழில் இதைச் சொன்னோர் பிரமரத்தை வண்டு என்றோ தேனீ என்றோ பெயர்க்கவில்லை, குளவி என்றனர். புழு குளவியாவது போல என்பதே நம் வழக்கு. சொல்லுக்குச் சொல் பார்த்தால் இது வழு. இயற்கையைப் பார்த்தால் இதுவே சரி. புழுவைக் கொட்டிச் செயலிழக்கச் செய்து மண்கூட்டுக்குள் அடைப்பது தேனீ அன்று, வேட்டுவன் எனப்படும் தனிக்குளவியே. உள்ளே இடப்பட்ட முட்டையிலிருந்து வரும் இளம்புழு அடைபட்ட புழுவைத் தின்று வளர்ந்து குளவியாக வெளிவருகிறது. சுவரில் மண்கூடு கட்டும் அக்குளவியை அன்றாடம் கண்ட தமிழர், மூலச்சொல்லைத் திருத்தியே பெயர்த்தனர். மொழிபெயர்ப்பாளர் கண் அகராதியில் மட்டும் இராமல் சுவரிலும் இருந்ததற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. இக்குளவியின்பால் அச்சம் இல்லை என்பதும் கருதத்தக்கது. வீட்டில் குளவி கூடு கட்டினால் மகப்பேறு வாய்க்கும் என்று பெண்கள் அதைக் கலைக்க விடமாட்டார்கள்.

ஒரே குளவி என்னும் சொல் சுவரில் மங்கலமாகவும் மரத்தில் மரணமாகவும் ஆனது இங்ஙனமே.

இலங்கையில் நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. சிகிரியாக் குன்றின் பாறைமுகட்டில் தொங்கும் அடைகள் பெருந்தேனீயினுடையவை. சிங்களவர் பம்பரா என்று சரியாகவே அழைக்கின்றனர். சிங்களத்தில் பெருங்குளவிக்குத் 'தெபரா' என்று வேறு சொல் உண்டு. ஆனால் ஓசை எழுப்பாதீர் என்று பார்வையாளரை எச்சரிக்கும் ஆங்கிலப் பலகைகளில் பம்பரா 'ஹார்னெட்' ஆகியது. பயண நூல்களில் 'வாஸ்ப்' ஆகியது. தமிழில் கேட்கவே வேண்டா, குளவிதான். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள் கொட்டுப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்படுவதும் சிலர் இறப்பதும் தொடர்ந்து வரும் செய்தி. இலங்கைத் தமிழ் நாளேடுகள் இதற்குக் 'குளவிக்கொட்டு' என்ற நிலைத்த தொடரையே ஆண்டு வருகின்றன. கொட்டியது பெருந்தேனீயா பெருங்குளவியா என்று அச்செய்திகள் பிரித்துரைப்பது அரிது. ஓங்கிய மரங்களில் தொங்கும் அடையைக் கண்டு முன்கூட்டியே வேலையிடத்தை மாற்றச் சொல்லவேண்டிய கங்காணிக்கும், சிகிச்சை தரும் தோட்ட வைத்தியருக்கும் அந்தப் பிரிப்புத்தான் தேவை.

4. அந்தமானியரும் தேனீயும்

இனி ஹட் பேக்கு மீள்வோம். குடியேறியவர்களுக்கு அச்சம் தரும் இதே பெருந்தேனீயை, ஏபிஸ் டார்சேட்டா என்னும் இனத்தை, ஓங்கேகள் தலைமுறை தலைமுறையாகத் தேனுக்காக அணுகி வந்துள்ளனர். உடலில் மறைப்பேதுமின்றி மரமேறும் அவர்கள், ஒருவகைச் செடியின் இலையை மென்று அதன் சாற்றை மேனியில் பூசிக்கொள்வர். அடையருகே சென்றதும் வாயிலுள்ள சாற்றைத் தேனீக்களின்மேல் தூவுவர். தேனீக்கள் கொட்டாமல் விலகும். அச்செடியின் ஓங்கேப் பெயரைத் தாவரவியலார் 'டொஞ்சோகே' எனப் பதிந்துள்ளனர். பேரந்தமானியரிடமும் இஞ்சிக் குடும்பச் செடியொன்றின் சாறு இவ்வாறே பயன்பட்டதை 1880களில் எழுதிய இ. எச். மேன் குறித்துள்ளார். பெருந்தேனீயைச் சாந்தப்படுத்தும் அந்தமான் செடி பற்றிய ஆய்வுக்கட்டுரை 1983இல் பன்னாட்டுத் தேனியல் இதழில் வெளிவந்தபோது, அது ஒரு 'கண்டுபிடிப்பு' என்றே தலைப்பிடப்பட்டது. மேன் நூறாண்டுக்கு முன் எழுதியதை நினைத்தால், யாருடைய கண்டுபிடிப்பு என்று கேட்கத் தோன்றுகிறது.

இம்முறை செயற்படும் விதத்தை ஊகிக்க ஒரு செய்தி உதவும். தேனீ கொட்டும்போது கொடுக்கிலிருந்து எழும் ஒரு மணம் மற்றத் தேனீக்களை அதே இடத்துக்கு அழைக்கிறது. அதன் முதன்மைப் பொருள் ஐசோஅமைல் அசிட்டேட் என்று 1962இல் கண்டனர். வாழைப்பழ வாசனைக்குக் காரணமான அதே பொருள். ஒரு கொட்டு நூறு கொட்டாவது அந்த மணத்தால். தேனீக் கூட்டத்தின் சினம் ஓசையால் மூள்வது போல நமக்குத் தோன்றினும், அதன் உள்மொழி நாற்றமே. தும்பிக்கு நாற்றத்தைக் கொடுத்து ஓசையை மறுத்த மரபியல் ஆசிரியரை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. (தேனீக்கள் அதிர்வை உணரும் என்று இன்று அறிவோம், நூற்பாவை அறிவியலாக்கும் நோக்கம் எனக்கில்லை.) ஓங்கேகளின் உலகியல் முழுவதுமே மணத்தை மையமாகக் கொண்டது என்று 1993இல் வெளிவந்த தம் நூலில் விஸ்வஜித் பாண்டியா விரிவாகக் காட்டினார். மனிதரையும் ஆவிகளையும் பருவங்களையும் மணத்தால் அறியும் ஒரு சமுதாயம், மணத்தால் பேசும் ஒரு பூச்சியை மணத்தால் எதிர்கொண்டதில் வியப்பில்லை.

அவ்வாறாயின் அந்தமானியருக்குத் தேனீயின்பால் அச்சமே இல்லையா? உண்டு, ஆனால் அது வேறிடத்தில் இருக்கிறது. 1906 முதல் 1908 வரை களப்பணி செய்து 1922இல் நூல் வெளியிட்ட ராட்கிளிஃப்-பிரவுன், வடக்கே பிலிக்கு என்றும் தெற்கே புலுகா என்றும் வழங்கும் வானிலைத் தெய்வத்தைச் சினமூட்டும் செயல்களைப் பட்டியலிடுகிறார். தேன்மெழுகை உருக்குவது அல்லது எரிப்பது அவற்றுள் முதன்மையானது. சில்வண்டைக் கொல்வதும், காலையிலும் மாலையிலும் அது 'பாடும்' வேளையில் ஓசையெழுப்புவதும் இன்னொன்று. இவற்றைச் செய்தால் புயல் வரும். வில் நாணுக்கும் கயிற்றுக்கும் மெழுகு அன்றாடம் தேவைப்பட்ட மக்கள் அவர்கள். ஆக, மெழுகின்றி அவர்களால் இருக்க முடியாது. மெழுகை எரித்தாலோ புயல் வந்துவிடும். கொடுக்கின் வலி அவர்களுக்கு இலைச்சாற்றால் தீரும் சிக்கல்; மெழுகின் நெடியோ வானத்தையே கவிழ்க்கும்.

இச்செய்தியைத் தமிழில் சொல்ல முயலும்போது மொழிபெயர்ப்பாளருக்கு இடர்ப்பாடு எழுகிறது. ஆங்கில நூலில் வரும் 'சிக்கேடா'வைச் சில்வண்டு என்றால் அது வண்டுக்குள் சேர்ந்துவிடும். சிள்வீடு என்னும் பழஞ்சொல் நமக்கு இருந்தும் அதை விளங்கிக்கொள்வார் அரியர். 'பீஸ்வாக்ஸ்' தேன்மெழுகாகிறது, ஆனால் மேன் பதிவு செய்த பேரந்தமான் மொழியில் வெண்மெழுகு, கருமெழுகு எனும் இரண்டும் வெவ்வேறு. கொட்டாத கொசுத்தேனீயைத் தனியே அறிந்த தமிழருக்கு இந்த வேறுபாடு அயலானதன்று. நம் மலைவாணர் மலைத்தேன், கொம்புத்தேன், பொந்துத்தேன், கொசுத்தேன் என நான்காகப் பிரிப்பது பூச்சியைப் பார்த்தன்று. அது கட்டும் இடத்தையும் உருவையும் பார்த்தே. நீலகிரியில் குறும்பர் பாறையில் நூலேணி கட்டி இறங்கும் தேன் மலைத்தேன். அதைத் தரும் பூச்சி ஹட் பேயில் கர்ஜன் மரத்தில் தொங்கிய அதே பெருந்தேனீ. மலையில்லாத ஹட் பேயில் அதை மலைத்தேனீ என்பது பொருந்தாமையால் அங்குள்ள தமிழர் வேறு பெயர் தேடினர் போலும். என் நண்பர் கதண்டில் போய் நின்றதற்கு இதுவும் காரணமாகலாம். அவருடைய வயல்வெளிச் சொற்களஞ்சியத்தில் மரத்திலிருந்து கூட்டமாய் வந்து கொட்டும் பெரும்பூச்சி கதண்டு ஒன்றுதான்.

5. பெயரில் ஏறிய பயம்

அச்சம் பெயருக்குள் புகும் வரலாறு தமிழுக்கு மட்டும் உரியதன்று. எபிரேய மறைநூலில் பகைவரை விரட்ட இறைவன் அனுப்புவதாகச் சொல்லப்படும் 'ட்சிர்ஆ' என்பது தமிழ் விவிலியத்தின் யாத்திராகமத்தில் குளவிகள் என்றே உள்ளது. கிரேக்க மொழிபெயர்ப்பாளரும் அதைக் குளவிக் கூட்டமாகவே கொண்டனர். ஆனால் அதற்கு முந்தைய வசனம் அனுப்பப்படுவதை 'அச்சம்' என்று கூறுவதைச் சுட்டி, அச்சொல்லுக்கே மனமுடைவு, திகில் என்னும் பொருள் கூறும் அறிஞர் உளர். சில ஆங்கிலப் பெயர்ப்புகள் கொள்ளைநோய் என்கின்றன. பூச்சியா, பயமா என்று ஈராயிரம் ஆண்டுக்கும் மேலாகத் தீராத ஒரு சொல் அது.

அண்மைக்காலச் சான்றுகள் இன்னும் கூர்மையானவை. 1957இல் பிரேசிலில் ஆய்வுக்கூடத் தேன்பெட்டிகளிலிருந்து தப்பிய ஆப்பிரிக்கத் தேனீக் குழுக்களின் வழித்தோன்றல்களுக்கு இதழாளர் 'கொலைகாரத் தேனீ' என்று பெயரிட்டனர். 2019 இறுதியில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் காணப்பட்ட ஆசியப் பெருங்குளவியை 2020 மே மாதம் செய்தித்தாள்கள் 'கொலைக் குளவி' ஆக்கின. தமிழ் ஊடகங்களும் அவ்வாறே பெயர்த்தன. நான்கு சென்டிமீட்டருக்கும் மேல் வளரக்கூடிய அப்பூச்சிக்கு ஜப்பானியர் வைத்த பெயருக்குப் 'பெருஞ்சிட்டுக் குளவி' என்று பொருள். சிட்டுக்குருவி அளவு என்பது கருத்து. உருவத்தைச் சொன்ன பெயர் அது, குற்றத்தைச் சொல்லவில்லை. அமெரிக்கப் பூச்சியியல் கழகம் 2022 ஜூலையில் 'வடக்கத்திப் பெருங்குளவி' என்னும் பொருள்படும் பொதுப்பெயரை ஏற்றது. 2024 டிசம்பரில் அந்நாட்டிலிருந்து அது ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. தமிழ் வலைத்தளங்களில் கொலைக் குளவி என்ற பெயர் மட்டும் ஒழியவில்லை. இதில் நகைப்புக்கிடமானது, பெருங்குளவிக்கு மிகவும் அஞ்சவேண்டிய உயிர் தேனீயே என்பது. குளவி நெருங்கும்போது பெருந்தேனீக்கள் அடைமேல் வரிசையாக வயிற்றை உயர்த்தி அலை போல மின்னுவதை ஆய்வாளர் படம்பிடித்துள்ளனர்.

6. கலைச்சொல் ஆக்குவோர்க்கு

மருத்துவக் கையேடுகளைத் தமிழாக்குவோர் இவ்விடத்தில் விழிப்பாயிருத்தல் வேண்டும். தேனீயின் கொடுக்கில் பின்னோக்கிய முட்கள் உண்டு; கொட்டியபின் நச்சுப்பையோடு தோலிலேயே தங்கி, சிறிது நேரம் நஞ்சைச் செலுத்திக்கொண்டிருக்கும். கிள்ளி எடுப்பதா சுரண்டி எடுப்பதா என்பது பொருட்டன்று, விரைந்து எடுப்பதே பொருட்டு என்று 1996இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. குளவியின் கொடுக்கு வழவழப்பானது. மீண்டும் மீண்டும் கொட்டும். ஒவ்வாமை உடையாருக்குப் பின்னர் அளிக்கும் நஞ்சேற்பு மருத்துவமும் தேனீக்கு வேறு, குளவிக்கு வேறு. அங்ஙனமிருக்க, 'தேனீ, குளவி, வண்டு முதலியவை கொட்டினால்' என்று ஒரே தலைப்பில் அடக்கும் கையேடுகள் என் மேசையில் பல உள்ளன. அவற்றுள் ஒன்றை இளமையில் மெய்ப்புத் திருத்தியவன் நானே.

புதுச்சொற்கள் வேண்டா. இருப்பவற்றை இடமறிந்து வைத்தாலே போதும். பெருந்தேனீ என்பதற்கு 'உறையற்ற ஒற்றை அடை, உயர்ந்த கிளையிலோ பாறையிலோ தொங்குவது; கொடுக்கை விட்டுச் செல்லும்' என்ற விளக்கமும், கடந்தை அல்லது கதண்டு என்பதற்கு 'காகித உறைக்குள் அடுக்குக் கூடு; கொடுக்கை விடாது' என்ற விளக்கமும், வேட்டுவக் குளவிக்கு 'மண்கூடு; தனித்து வாழ்வது; எளிதில் கொட்டாது' என்ற விளக்கமும் அகராதியில் வந்தால், படிப்பவர் மரத்தை அண்ணாந்து பார்த்தே பெயரை முடிவு செய்யலாம். அகராதி விளக்கம் பூச்சியின் உடலைவிடக் கூட்டின் வடிவைச் சொல்ல வேண்டும். பூச்சியைக் கண்ணால் காணும் தொலைவுக்குள் சென்றவர் அகராதி பார்க்கும் நிலையில் இருப்பதில்லை.

ஹட் பேயிலிருந்து புறப்படுமுன் அந்தத் தொழிலாளியைக் காணச் சென்றேன். வீக்கம் வற்றியிருந்தது. தேங்காய்மட்டை கொளுத்திய அதே இடத்தில் நின்றுகொண்டு கர்ஜன் மரத்தைச் சுட்டிக் காட்டினார்.

"இன்னும் அங்கேயேதான் இருக்கு சார். ராத்திரி பந்தம் கட்டிக் கொளுத்திடலாம்னு பசங்க சொல்றாங்க. கதண்டுன்னா கொளுத்தத்தான் வேணும். தேன்கூடுன்னா பாவம். நீங்க படிச்சவங்க, எதுன்னு சொல்லுங்க."

அண்ணாந்து பார்த்தேன். அரைவட்ட வடிவில் ஒற்றை அடை, மேலே உறையில்லை. அடைமேல் பூச்சிகள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேலொன்று அடர்ந்திருந்தன. தேனீதான் என்றேன். அவர் கழுத்தைத் தடவிக்கொண்டு சற்று நேரம் அதையே பார்த்தார். பிறகு மட்டைக் குவியலை வேறிடத்துக்கு நகர்த்தச் சொல்லித் தம் மகனைக் கூப்பிட்டார்.